எதிராள் வசனம்

வாயில் ஆணி இருக்கும்போதுதான் தன் மனைவியின் உதடு சும்மா இருக்கும் என்று மெத்தைக்காரன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. சோபாவுக்குத் துணி போர்த்துகிறவர்கள் சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பித் தலையை வெளியே நீட்ட, காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டையில் இறக்கும். அந்த வேலை நடக்கும்போது அவள் வாய் இறுகி மூடியிருக்கும். மற்ற நேரங்களில் எதிரே யார் பேசினாலும் அவள் உதடும் கூடவே லேசாக அசையும். புதிதாக வருகிறவர்கள் தங்களைப் பழித்துக் காட்டுகிறாளோ என்று ஒரு நொடி திகைத்துப் போவார்கள்.

"கல்யாணம் ஆன புதுசுல நான் பயந்தே போயிட்டேங்க," என்பான் மெத்தைக்காரன். "பசிக்குதுன்னு சொல்ல நான் வாயைத் திறந்தா, அவ உதடும் பசிக்குதுங்குது. சரி தாயே, நீயே சொல்லிடு, நீயே சாப்பிட்டுடுன்னுட்டேன்."

அவள் பதிலுக்கு அடுத்த ஆணியைக் கொஞ்சம் ஓங்கி அடிப்பாள்.

எல்லோரும் அவளை மிட்டாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள், காதோரம் நரை விழுந்தவள், விரல் நுனியெல்லாம் வளைஊசி குத்திக் காய்த்துப் போனவள். அப்படிப்பட்டவளை மிட்டாய் என்று கூப்பிடுவது தெரியாதவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அந்தப் பெயரும் அசைகிற உதடும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

அவளுடைய அப்பா சினிமாவுக்கு வீடு கட்டுகிற தச்சர். முன்பக்கம் மட்டும் இருக்கிற வீடு, எங்கேயும் போய்ச் சேராத மாடிப்படி, எட்டி உதைத்தால் உடைய வேண்டிய கதவு, எத்தனை பேர் உதைத்தாலும் உடையக் கூடாத கதவு எல்லாம் செய்வார். மனைவி பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை நடக்கத் தொடங்கும் வரை அக்கம்பக்கத்தில் யார் யாரோ பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு தச்சர் கருவிப்பெட்டியை ஒரு கையிலும் பிள்ளையை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அது இழைப்புப் பட்டறை மேஜையின் அடியில், மரச்சுருள் குவியலில் விளையாடி அங்கேயே தூங்கும்.

ஒருநாள் ரயில் காட்சிக்கு வரவேண்டிய குழந்தை காய்ச்சலில் படுத்துவிட்டது. உதவி இயக்குநர் ஒருவர் பட்டறைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா அழுக்கான புள்ளையை மேக்கப்ல கொண்டுவரவே முடியாது. அஞ்சு நிமிஷம் கடன் குடுங்க," என்றார். அந்த ஐந்து நிமிடம் பத்துப் பன்னிரண்டு வருஷம் நீண்டது.

பிள்ளைக்கு அப்போது எழுத்துத் தெரியாது. தச்சருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். வசனக் காகிதத்தைப் பட்டறையின் ஓரத்தில் ஒரு ஆணியடித்து மாட்டிவைத்துவிட்டு, பலகை இழைத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். இழைப்புளி ஒரு தரம் போனால் பிள்ளையின் வசனம், திரும்பி வந்தால் எதிராளின் வசனம். போலீஸ்காரன், மாமியார், ரயில் பரிசோதகர், பேய் பிடித்த வண்டிக்காரன், கதாநாயகியின் விதவைத் தாய் என்று எதிரே யார் பேச வேண்டுமோ அவர்களெல்லாம் முதலில் அவர்தான். நடிப்பு என்பது மருந்துக்கும் வராது. "என்னை விட்டுட்டுப் போயிட்டியே"யை "ஆறடி ரெண்டங்குலம்" என்று அளவு சொல்கிற குரலில் சொல்வார். பிள்ளைக்கு இரண்டு பேர் வசனமும் மனப்பாடமாகிவிடும். படப்பிடிப்பில் கேமராவுக்குப் பின்னால், சுத்தியலோடு நின்றபடி ஓசையில்லாமல் வாயசைப்பார். அவள் அவர் உதட்டைப் பார்த்துப் பேசுவாள்.

வினையும் அங்கேயே வந்தது. எதிரே நடிகர் பேசும்போதும் தச்சரின் உதடு அசைந்தது. பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளையின் உதடும் அசைந்தது. "கட், கட். பாப்பா, அது உன் வசனம் இல்லம்மா." இரண்டு படங்கள் வரை வெட்டி ஒட்டிச் சமாளித்தார்கள். தொலைக்காட்சித் தொடரில், தினமும் காட்சி எடுக்கிற அவசரத்தில், அது முடியவில்லை. வேறு பிள்ளையைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்த அன்று தச்சர்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு கடின மிட்டாயை எடுத்து அவள் கன்னத்தில் அடக்கினார். "எதிராளு பேசும்போது இதைச் சப்பு. உன் முறை வந்தா ஓரமா ஒதுக்கு." உதடு நின்றது. கன்னம் உப்பிய பிள்ளையைப் பார்த்து இயக்குநர் சிரித்தார். பாத்திரத்தின் பெயரையே மிட்டாய் என்று மாற்றிவிட்டார்கள்.

ரொட்டிக்கடைக்காரரின் கடைசி மகள் மிட்டாய். கல்லாவுக்குப் பின்னால் முக்காலி போட்டு நின்று, வருகிற ஆட்களின் குடும்ப வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கிற வாயாடி. தொடர் வருஷக்கணக்கில் ஓடியது. பிள்ளையும் வளர்ந்தாள். வளர்ச்சி தெரியாமல் இருக்கத் தச்சர் ஒவ்வொரு வருஷமும் கடை மேஜையின் காலுக்கு அடியில் ஒரு பலகை கொடுத்து உயர்த்திக்கொண்டே போனார். கடைசியில் ரொட்டிக்கடை அப்பாவாக நடித்தவர், "என்னப்பா இது? நான் கடையில நிக்கிறேனா, கழுத்தளவு தண்ணியில நிக்கிறேனா?" என்று கேட்டபோதுதான் தொடர் முடிந்தது.

அதற்கப்புறம் அவளுக்குப் பெரிய வேடம் எதுவும் வரவில்லை. வரவில்லையே என்று அவள் உட்கார்ந்து அழுததும் இல்லை. படப்பிடிப்புக்கு நாற்காலி, சோபா தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவனைக் கட்டிக்கொண்டாள், தொழிலையும் கற்றுக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் அடையாளம் கண்டு, "ஒரே ஒரு வசனம் சொல்லுங்களேன்," என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வாள். "நம்மளை நினைவு வெச்சுக் கேக்கறாங்க. அதுக்கு மேல என்ன வேணும்?" என்பாள் பிறகு.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் தச்சருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் கோணியது கூட ஓரளவு நேராகிவிட்டது. கை தூக்க வரவில்லை, கால் இழுத்து நடந்தது, பேச்சு அடியோடு போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிந்தது. "கஞ்சி போதுமா?" என்றால் தலையாட்டுவார். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. முதல் சில நாள் முயன்றார். பிறகு, மரம் பிளந்துபோனால் தூக்கிப் போடுகிற மாதிரி, அந்த முயற்சியையே தூக்கிப் போட்டுவிட்டார். மெத்தைக்காரன் மாமனாருக்காக ஒரு நாற்காலியைப் பிரித்து, வலதுகை சாய்மானத்தை உயர்த்தி, இரட்டை நுரைமெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தான். அதில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர் பக்கமாக வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இருமுறை வரச்சொன்னார்கள். சொல்லிக்கொடுத்தவள் சின்னப் பெண். வீட்டில் அவளைப் பேச்சு டீச்சர் என்றார்கள். பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். பூனை. குடை. சாவி. தச்சர் அட்டையைப் பார்ப்பார், டீச்சரைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார்.

"அப்பா, ஒரு தடவை முயற்சி பண்ணுங்கப்பா," என்பாள் மிட்டாய். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். வெளியே பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இங்க இடம் கொஞ்சம், வெளியில நிக்கிறவங்க அதிகம். அடுத்த பரிசோதனையில பெரிய டாக்டர் பார்ப்பாங்க. அவரா ஒரு வார்த்தையாவது பேசினா தொடர்ந்து கூப்பிடலாம். இல்லன்னா நிறுத்தச் சொல்லிடுவாங்க."

"நிறுத்திட்டா?"

"வீட்டுல நீங்க பண்ணலாம். ஆனா அவருக்கே மனசு இல்லாம இருக்கே. அதுதான் எனக்குப் பயம்." டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "சில பேருக்குப் பேச்சு போனாலும், நெஞ்சுல பதிஞ்சது தானா வரும். பாட்டு, பிரார்த்தனை, எண்ணிக்கை. உங்க அப்பாவுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

"பாட்டு கேட்டா ஆணி கோணலா போகும்பார். சாமி கும்பிட்டும் நான் பார்த்ததில்ல."

"யோசிச்சுப் பாருங்கக்கா. எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும்."

திரும்பும் வழியில் வண்டியில் அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தாள். அப்பா மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "அங்குலக் கணக்கு சொல்லுங்கப்பா, அதுவாவது வருதா பார்ப்போம்," என்றாள். அவர் இடது கையை உயர்த்தி, போதும் என்பது போல் காட்டினார்.

"கோவத்துல சொல்லல," என்றாள் அவள், கோபத்தோடு.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மெத்தைக்காரன் சொன்னான்: "மாமா, இவளுக்குப் பதில் சொல்லாம தப்பிக்க எனக்கும் ஒரு வழி சொல்லிக்குடுங்க."

தச்சரின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா, வண்டியின் ஆட்டமா என்று தெரியவில்லை.

பழைய தொடர் மறுபடியும் மதியத்தில் ஓடுகிறது என்ற சேதியை, சாய்வு நாற்காலி கொண்டுவந்த ஒரு அம்மாள்தான் சொன்னாள். மெத்தைக்காரன் கடையிலிருந்த சின்ன டிவியில் அதைப் போட்டுவிட்டான். மிட்டாய்க்கு அதைப் பார்க்கக் கூச்சம். அந்தக் காலத்துக் குடுமி, பொம்மைச் சட்டை, ஊதிய கன்னம். திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு பழைய சோபாவின் அடிப்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் நாற்காலியைக் கடைக்குள்ளேயே போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் தனியாக இருப்பதற்கு இங்கே ஆணிச் சத்தமாவது கேட்கட்டும் என்று.

இரண்டு மூன்று நாள் போனது.

"ஏ மிட்டாய்," என்றான் மெத்தைக்காரன் மெதுவாக. "மாமா உதடு அசையுது."

அவள் வாய் நிறைய ஆணி. திரும்பிப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்க்கவில்லை. திரையில் மாவு படிந்த மேஜைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அது அவர் செய்த மேஜை. அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தாள். உதடு, கஞ்சி குடித்த பிறகு அசைவது போல, ஏதோ அசைந்தது. ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வெளியே மழை வலுத்தது. திரையில் கடை மூடுகிற நேரம். கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு பன் மிச்சம். கடைக்கு வெளியே கிழிந்த சட்டையோடு ஒருவன் சும்மா நின்றுகொண்டிருக்கிறான்.

"அப்பா," என்றது திரையிலிருந்த குழந்தைக் குரல். "கடைசி பன் யாருக்கு?"

மின்சாரம் போய்விட்டது. டிவி அணைந்தது, விசிறி நின்றது. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"யாரு... கேக்கலையோ... அவங்களுக்கு."

ஆறடி ரெண்டங்குலம் சொல்கிற குரல். கரகரத்து, கழன்று, இடையிடையே காற்று நுழைந்து. ஆனால் அதே குரல்தான்.

மிட்டாய் கையை வாயடியில் ஏந்தி ஆணிகளை ஒரேயடியாகத் துப்பினாள்.

"ஒண்ணு ரெண்டு முழுங்கிட்டியா?" என்று பதறினான் மெத்தைக்காரன்.

"சும்மா இருங்க." அவள் மழை இருட்டில் தட்டுத்தடுமாறி அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். அந்தக் காட்சியின் அடுத்த வரி அவளுக்கு நினைவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அது அங்கேயே இருந்தது. "கேட்டவங்களுக்கு இல்லையா?"

"கேட்டவன்... வேற கடைக்குப் போவான்," என்றார் தச்சர். "கேக்காதவன்... எங்க போவான்?"

அதைச் சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர் போல இடது கையால் தன் தாடையைத் தொட்டுப் பார்த்தார். மெத்தைக்காரன் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான். யாராவது வாடிக்கையாளர் வந்து கெடுத்துவிடக் கூடாது என்று பயம்.

டீச்சர் கேட்டுவிட்டு மகிழ்ந்தாள். ஆனால் மழுப்பாமல் சொன்னாள்.

"இது மனப்பாடம், அக்கா. நீங்க பாதியைச் சொன்னா மீதி உருண்டு வருது. அவரா நினைச்சு, அவரா எடுத்துச் சொல்றது வேற. டாக்டர் அதைத்தான் பார்ப்பாங்க."

"அப்ப இதனால பிரயோஜனம் இல்லையா?"

"இருக்கு. வாய் ஓடுது, நாக்கு புரளுது. அதை விட அவருக்கே ஆசை வந்திருக்கு பாருங்க. ஓட விடுங்க. எங்கேயாவது ஒரு இடத்துல அவரே இறங்கி நடப்பார்."

அதன் பிறகு கடையில் வேலையும் படமும் சேர்ந்தே நடந்தன. ஸ்பிரிங்குக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே மிட்டாய் காட்சியைத் தொடங்குவாள். ஒரு படத்தில் கதாநாயகியின் சின்ன வயது வேடத்தில் அவள் பேசியது இரண்டே வரி. அதற்கு எதிரே அம்மாவின் மாமியாருக்கு இருபது வரி. தச்சர் இருபதையும் சொன்னார். "உன் அம்மா... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு... இந்த வாசப்படி ஏறுவா?" என்று அவர் உணர்ச்சியே இல்லாமல் கேட்டதைக் கேட்டு, திண்டு வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க. அது உங்களை இல்ல," என்றான் மெத்தைக்காரன்.

பேய்ப் படத்தில் அவள் வெள்ளை மாவு பூசிய பேய்க்குழந்தை. வண்டிக்காரன் தச்சர். "எந்த ஊருக்கும்மா போகணும்?" "நீங்க போற ஊருக்குத்தான்." இன்னொரு படத்தில் அவள் காய்ச்சலில் சாகிற பிள்ளை. அதை அவள் கடையில் தொடவில்லை. அந்தக் காட்சி எடுத்த அன்று அப்பா கேமராவுக்குப் பின்னால் நிற்காமல் போய்விட்டதும், ஆளைத் தேடினால் செட்டுக்குப் பின்புறம், ஏற்கெனவே அடித்த ஆணிகளை மறுபடி அடித்துக்கொண்டிருந்ததும் அவளுக்கு நினைவிருந்தது.

முதல் படத்தையும் அவள் தொடவில்லை. அந்த ரயில் காட்சிதான் ஊரெல்லாம் அவளிடம் கேட்ட வசனம். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பரிசோதகர், "யாரு பெத்த புள்ள நீ?" என்பார். பிள்ளை, "யாரும் பெக்கல," என்னும். கொட்டகையில் அந்த இடத்தில் ஜனங்கள் விசும்புவார்களாம். பட்டறையில் அப்பா அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. இழைப்புளி போகும், வரும், வசனம் இருக்காது. இயக்குநரிடம் போய், தாயில்லாத பிள்ளை வாயில் அந்த வரி வேண்டாம், மாற்றித் தரச்சொல்லிக் கேட்டும் பார்த்தார். மாற்றவில்லை. உதவி இயக்குநர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதையெல்லாம் அவள் இப்போதுதான் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பெரிய பெரிய நட்சத்திரங்களோடு நடித்தவள் என்று ஜனங்கள் சொல்வார்கள். அவர்களுடைய முகம் கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. நடித்ததெல்லாம் இந்த ஒரு ஆளோடுதான். அவர்கள் வந்து நின்றது பிறகு.

"ராத்திரி சாப்பாட்டுக்கு முட்டை போடட்டுமாப்பா?"

அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

இதுதான் கொடுமையாக இருந்தது. மாமியாரின் இருபது வரியும் சொல்கிறவருக்குத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஒருநாள் டம்ளர் கைக்கு எட்டாமல் இருந்தது. "த... த..." என்று முட்டி மோதி, முகம் சிவந்து, கடைசியில் இடது கையால் நாற்காலிக் கையைக் குத்தினார். பிறகு பரிசோதனை நாள் வரை சுவரைத்தான் பார்த்தார். மிட்டாய் காட்சியைத் தொடங்கினாலும் எதிர்வசனம் வரவில்லை.

"விடு," என்றான் மெத்தைக்காரன். "யாரோ எழுதினதையே பேசிப் பேசி அவருக்கு அலுத்திருக்கும்."

"நாளைக்கு ஒண்ணும் பேசலன்னா நிறுத்திடுவாங்க."

"தெரியும். நீ பேசும்போதே நானும் கூடவே சொல்லிக்கிட்டிருக்கேன். என் உதட்டைப் பாரு, அசையுதா இல்லையா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர்தான். வெளியே காத்திருக்கிற கூட்டம் அவர் முகத்தில் தெரிந்தது. பேனாவைக் காட்டினார். கடிகாரத்தைக் காட்டினார். சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். தச்சர் உதட்டைக் குவித்தார், விரித்தார், நெற்றியில் வேர்வை வந்தது. ஒன்றும் வரவில்லை.

"பரவாயில்ல பெரியவரே," என்றார் டாக்டர்.

டீச்சர் குனிந்து டாக்டரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். டாக்டர் மிட்டாயைப் பார்த்தார். "நீங்களா அது? எங்க வீட்டுல எல்லாரும் பார்ப்போம்." சற்று முகம் மலர்ந்தது. "சரி, ஒண்ணு செய்யுங்க. பார்ப்போம்."

அவள் நாற்காலியை இழுத்து அப்பாவின் எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, கடைசி பன் யாருக்கு?"

"யாரு கேக்கலையோ... அவங்களுக்கு."

நல்லவேளையாக அதுவாவது வந்தது. டாக்டர் தலையசைத்தார். "நல்லா வருது. ஆனா, அம்மா, இது பழைய பதிவு ஓடுற மாதிரி. இன்னும் பயிற்சி குடுத்து மேல கொண்டுவர முடியுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு." அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். டீச்சர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தைக்காரன் மாமனாரின் குடையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான், கிளம்ப வேண்டியதுதான் என்பது போல.

"யாரு பெத்த புள்ள நீ?"

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். தச்சர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை காட்சியை அவர் ஒருபோதும் தொடங்கியதில்லை. பாதி அவள் சொன்னால்தான் மீதி வரும். இதுவோ பட்டறையில் அவர் விட்டுத் தாண்டிய வசனம்.

அதற்கு எதிரே அவளுக்கு ஒரே வரி. இந்த வரியை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். கல்யாண வீட்டில், பேருந்தில், வரிசையில் நிற்கும்போது, அறிமுகமில்லாதவர்கள் கேட்டதற்கெல்லாம். அவருக்கு நேராகச் சொன்னதே இல்லை. ஆனால் அவர் எதிர்வசனத்துக்காகக் காத்திருந்தார். கொடுக்காமல் இருக்க முடியாது.

"யாரும் பெக்கல," என்றாள்.

அடுத்த வரி, "அப்ப வானத்துலருந்து குதிச்சியா? எறங்கு, எறங்கு." பரிசோதகர் அதைச் சொல்லி அவள் காதைப் பிடித்து இறக்கிவிடுவார். தச்சரின் வாய் திறந்தது. மூடியது. இடது கை மடியை விட்டு எழுந்து காற்றில் நின்றது. இழைப்புளியைப் பிடித்த மாதிரி விரல்கள் மடங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள், உதவிக்குப் போகவில்லை.

"நா..." என்றார். கை முன்னால் போனது. "நான்." பின்னால் வந்தது. "நான்... பெத்த... புள்ள."

ஆறடி ரெண்டங்குலம் சொல்கிற குரல் இல்லை அது. அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுவும் வசனம்தானா?" என்று கேட்டார் டாக்டர்.

மிட்டாய் குனிந்து அப்பாவின் முழங்காலைப் பற்றிக்கொண்டாள். மெத்தைக்காரன்தான் குடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "இல்லைங்க. அந்தப் படத்தை நான் நிறைய தடவை பார்த்திருக்கேன். அடுத்த வரி வேற. அதுல திட்டி இறக்கி விட்டுடுவாங்க."

டாக்டர் காகிதத்தை டீச்சர் பக்கம் தள்ளினார். "வாரம் ரெண்டு நாள் போதாது," என்றார். "மூணா எழுதிக்குங்க."

டீச்சர் மூன்று நாளையும் உடனே எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தச்சரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "இறங்கி நடந்துட்டீங்க பெரியவரே," என்றாள். அவர் அவளையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார். "த... தண்..." என்றார். மீதி வரவில்லை. ஆனால் இந்த முறை எதையும் குத்தவில்லை. டீச்சர் டம்ளரை நீட்டினாள். குடித்துவிட்டு, வாயைத் துடைக்க மகள் துண்டோடு வரும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

திரும்பும்போது மழை தூறலாகிவிட்டிருந்தது. வண்டியில் தச்சர் நடுவில், தலை மகளின் தோளில் சாய்ந்து, குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். துடைப்பான் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது. மெத்தைக்காரன் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான். அவனுக்கு அது பெரிய காரியம்.

"ஒண்ணு கவனிச்சேன்," என்றான் பிறகு.

"என்ன?"

"மாமா அதைச் சொன்னாரில்ல, அப்ப நான் உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கல்யாணம் ஆன நாள்லருந்து பார்க்கறேன், யாரு பேசினாலும் உன் வாய் சும்மா இருந்ததில்ல. வாயில ஆணியும் இல்ல, மிட்டாயும் இல்ல. உன் உதடு அசையவே இல்ல."

அவள் அப்பாவின் தலை சரியாமல் கையால் தாங்கிக்கொண்டாள். அவர் முடியில் மருத்துவமனை வாசனையோடு, எத்தனை வருஷமாகியும் போகாத மரத்தூள் வாசனையும் இருந்தது.

"எப்படி அசையும்?" என்றாள். "அந்த வசனம் எனக்குத் தெரியாதே."